ரெண்டு புள்ளி ஒன்பது

ஆறு பிள்ளைகளும் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

இருபது வருட ஆஸ்பத்திரி உத்தியோகத்தில் மேலாளர் பார்க்காத கையெழுத்து இல்லை. டாக்டர்கள் போடும் எறும்பு வரிசையைக்கூடப் படித்துச் சொல்லிவிடுவார். ஆனால் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஆறு பேர் ஒரே நேரத்தில் பேனாவை மூடி மேஜையில் வைத்ததை இதுவரை பார்த்ததில்லை.

புதிய குழந்தைகள் வார்டு தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை திறப்பு. அடிக்கடி வந்துபோகும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் சேர்ந்த கமிட்டி பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் திறப்பேன் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். கமிட்டி என்றால் பிஸ்கட் கொடுத்து, போட்டோ எடுத்து, வழியனுப்பி வைப்பது என்று மேலாளர் நினைத்திருந்தார். அது திங்கட்கிழமை காலையில் நினைத்தது.

"சுவர் பூரா யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைஞ்சிருக்கோமே. இன்னும் என்ன வேணும்?" என்றார்.

"யானை நல்லா இருக்கு அங்கிள். இன்னும் யோசிக்கணும்" என்றாள் தலைவி.

தலைவிக்குப் பத்து வயது. கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து இங்கே வந்துபோகிறவள். எந்த அறையில் எந்த மின்விசிறி கிரீச்சிடும் என்பது வரைக்கும் தெரியும் என்பதால் மற்ற ஐவரும் போட்டியில்லாமல் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"யோசிச்சுட்டே கையெழுத்துப் போடலாமே" என்று பேனாவை எடுத்துக் கொடுக்க மேலாளர் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்று கீழே விழுந்தது. தலைவி அதை எடுத்துப் பிரித்தாள், மேலே இருந்த தேதி வரைக்கும் படித்தாள், இருந்த மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தாள்.

"உங்களுதா அங்கிள்?"

"அது சும்மா. ஒரு பேப்பர்."

சும்மா பேப்பர் இல்லை. படி ஏறினால் தலை சுற்றுகிறது என்று காட்டப் போனபோது டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு. மூன்று மாதமாக அது சட்டை மாறிச் சட்டை மாறிப் பயணம் செய்துகொண்டிருந்தது. மனைவி கேட்கும்போதெல்லாம் "எடுத்தாச்சு, ரிசல்ட்தான் வரணும்" என்பார். பரிசோதனைக் கூடம் அவர் அறைக்கு நேர் கீழே இருந்தது. அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மூத்த நர்ஸ் ஊசித் தட்டோடு உள்ளே வந்து பஞ்சு எடுத்துக்கொண்டு போனார். மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே இல்லாத ஏதோ ஒன்றை உற்றுப் பார்த்தார். தலைவி அவரைப் பார்த்தாள். பிறகு ஆறு தலைகளும் ஒன்றாகக் குனிந்து கிசுகிசுத்தன.

"ஒரே ஒரு ரூல் வேணும் அங்கிள்" என்றாள் தலைவி. "ஊசி போடும்போது ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுறாங்க. ஆனா ரெண்டுலயே குத்திடுறாங்க. இனிமே மூணுலதான் குத்தணும்."

இவ்வளவுதானா என்று மேலாளருக்கு உயிர் வந்தது. பாவம், குழந்தை ஊசிக்கு எவ்வளவு பயந்திருந்தால் இப்படிக் கேட்கும். அந்தப் பயம் எப்படியிருக்கும் என்று அவருக்கா தெரியாது? "நாளையிலிருந்தே" என்றார்.

மறுநாள் பத்து மணிக்கே மூத்த நர்ஸ் அவர் அறைக்கு வந்துவிட்டார்.

"சார், நாங்க ரெண்டுல குத்துறது காரணமாத்தான். மூணுல குத்துவோம்னு தெரிஞ்சதும் எல்லாம் மூணுல கையை இழுத்துக்குது. இதுவரைக்கும் மூணு தலையணைக்கு ரத்தப் பரிசோதனை பண்ணியிருக்கேன்."

மேலாளர் யோசித்தார். "அப்ப பிள்ளைங்களே எண்ணட்டும். தானா எண்ணினா தானா தயாராயிடுவாங்க."

அவருக்கே தன் புத்திசாலித்தனம் பிடித்திருந்தது. புதன்கிழமை மதியம் வரைக்கும்.

மதியம் பரிசோதனைக் கூடத்து வரிசை மாடிப்படியில் ஏறி அவர் அறை வாசலுக்கே வந்துவிட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தார். ஒன்பது வயதுக் கமிட்டி உறுப்பினன் ஒருவன் கையை நீட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

"ரெண்டு புள்ளி ஒன்பது ஒன்பது" என்றான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "ரெண்டு புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பது."

"எவ்வளவு நேரமா?" என்று மேலாளர் ரகசியமாகக் கேட்டார்.

"முக்கால் மணி நேரமா. பின்னால நிக்கிற பிள்ளைங்க பாதிப் பேர் இதைக் கத்துக்கிட்டாங்க" என்றார் நர்ஸ். "இவனோட கணக்கு டீச்சர் யாருன்னு விசாரிச்சு சொல்லுங்க சார். நான் ஒரு தடவை பார்க்கணும்."

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இத்தனை இடம் இருக்கிறதா? மூன்று மாதமாகத் தானும் அந்த இடத்தில்தான் குடியிருப்பதாக மேலாளருக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை உடனே அடக்கிக்கொண்டார்.

"நாளைக்குப் பெத்தவங்க எண்ணட்டும்" என்றார்.

வியாழக்கிழமை பெற்றவர்கள் எண்ணினார்கள். தலைவியின் அப்பா பஸ் கண்டக்டர். "ஒண்ணுரெண்டுமூணு ரைட்" என்று அவர் முடித்தபோது நர்ஸ் ஊசியின் உறையையே பிரித்திருக்கவில்லை. தலைவி ஒரு கையை நீட்டியபடி, இன்னொரு கையால் கமிட்டி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பயத்தை மறைக்கத்தான் புரட்டுகிறாள் என்று மேலாளர் இரக்கப்பட்டார்.

அடுத்து ஒரு அம்மா. "ஒண்ணு" என்றாள். "ரெண்டு" என்றாள். அதற்கு மேல் எண்ணாமல் அழ ஆரம்பித்துவிட்டாள். மடியில் இருந்த நாலு வயது மகள் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "மூணு சொல்லும்மா. நான் இருக்கேன்ல" என்றாள்.

இத்தனை வருடம் இந்தக் கூடத்துக்குக் கட்டில் வாங்கினோம், திரை வாங்கினோம், இது இங்கே நடப்பது நமக்குத் தெரியவே இல்லையே என்று மேலாளர் நினைத்துக்கொண்டார். ஆனால் வரிசை இப்போது வாசலைத் தாண்டி வண்டி நிறுத்துமிடத்துக்குப் போயிருந்தது.

பெரிய டாக்டர் போனில் கூப்பிட்டார். "நாளைக்குத் திறப்பு. கையெழுத்து எங்கே? வரலைன்னா விருந்தாளிங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கோங்க."

மதியம் புது வார்டில் பெற்றவர்களோடும் மூத்த நர்ஸோடும் மறுபடி கமிட்டி கூடியது. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளைகளே புது ரூலை எழுதி வந்திருந்தார்கள். தலைவி எழுந்து நின்று படித்தாள்.

"எண்ணுறது ஊசி போட்டுக்கிறவங்க. முழு எண்ணு மட்டும்தான். புள்ளி கிடையாது."

"அது நான் சொன்னது" என்றான் புள்ளிக்காரன்.

"நிறுத்துன்னு ரெண்டு தடவை சொல்லலாம். சொன்னா ஊசியைக் கீழ வெச்சிடணும். கூட ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கணும். ஆனா ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொல்லக் கூடாது. ஏதோ இருக்கு. எங்களுக்குத் தெரியும்."

மூத்த நர்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார், இது சரியா வரும். நாங்க இத்தனை பேர் இருந்தும் இது தோணலையே."

"அப்புறம் என்ன, கையெழுத்துப் போடுங்க" என்று மேலாளர் தாளை நீட்டினார்.

"பெரியவங்க யாருக்காவது போட்டுப் பார்த்துட்டுப் போடுறோம்" என்றாள் தலைவி. "இதுவரைக்கும் எல்லா ரூலையும் எங்க கையிலதானே போட்டுப் பார்த்தீங்க?"

நியாயம்தான். மேலாளர் நர்ஸைப் பார்த்தார். "நானே எனக்குக் குத்திக்க முடியாது சார்" என்றார் நர்ஸ். கண்டக்டரைப் பார்த்தார். அவர் போன வாரம்தான் ரத்ததானம் செய்ததாகச் சொன்னார். பிள்ளைகள் ஆறு பேரும் மேலாளரைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தாராளமா எடுக்கலாம்" என்றார் மேலாளர், தப்பிக்க வழி கிடைத்த நிம்மதியில். "ஆனா டாக்டர் சீட்டு இல்லாம யாருக்கும் ரத்தம் எடுக்கக் கூடாது. ஆஸ்பத்திரி விதி. நானே கையெழுத்துப் போட்டது."

"உங்க பையில இருக்கே அங்கிள்" என்றாள் தலைவி.

இரண்டு நிமிடத்தில் மேலாளர் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் தாடைக்குப் பக்கத்தில் வந்திருந்தன. சட்டைக் கையை நர்ஸ் மடித்துவிட்டார். இன்னொரு கையைத் தலைவி பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் வலிக்கும் அங்கிள். அப்புறம் வலிக்காது" என்றாள்.

"ஒண்ணு" என்றார். "நிறுத்து."

நர்ஸ் ஊசியைக் கீழே வைத்தார். இந்தக் கட்டிடத்தில் அவர் சொன்ன எந்தச் சொல்லுக்கும் இவ்வளவு சீக்கிரம் மரியாதை கிடைத்ததில்லை. நம்பாமல், "ஒண்ணு, ரெண்டு, நிறுத்து" என்று மறுபடி சொல்லிப் பார்த்தார். மறுபடியும் ஊசி கீழே போனது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் "ஒண்ணும் இல்ல" என்று சொல்லவில்லை. சுவரில் யானை. எதிரே ஐந்து பிள்ளைகள், அவர் எண்ணி முடிக்கிற வரைக்கும் எத்தனை நேரமானாலும் இருப்போம் என்பதுபோல் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குக் கண் கலங்கியது. அது பயத்தில் இல்லை.

"ஒண்ணு. ரெண்டு." புள்ளிக்காரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "மூணு."

கொஞ்சம் வலித்தது. அப்புறம் வலிக்கவில்லை.

ஆறு பிள்ளைகளும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். பெற்றவர்கள் பக்கத்தில் போட்டார்கள். பிள்ளைகள் பிஸ்கட்டுக்கு ஓடிய பிறகு மேலாளர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்டக்டரிடம் வந்தார்.

"உங்க பொண்ணு பெரிய காரியம் பண்ணிட்டா. அவளுக்கு ஊசின்னா எவ்வளவு பயம் இருந்திருக்கும். அதை வெளிய சொல்லி, எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரு வழி பண்ணிட்டாளே."

கண்டக்டர் கொஞ்சம் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"அவளுக்கு எங்க சார் பயம், மாசம் ரெண்டு ஊசி போட்டுக்கிறவ. திங்கக்கிழமை வீட்டுக்கு வந்ததும், 'அந்த அங்கிள் மூணு மாசமா பயந்துட்டு இருக்கார்ப்பா, கையைப் பிடிச்சுக்க ஆள் இல்ல போல'ன்னு சொல்லிட்டுத்தான் இந்த ரூலையே எழுத உட்கார்ந்தா."