மஞ்சள் தண்ணீரில் பினோ நுவார்

நல்ல பெயர் வாங்கியே தீருவது என்று ஒருவன் முடிவு செய்துவிட்டால், அவனைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவது எல்லோருக்கும் நல்லது. மெல்பர்னில் அப்படி ஒருவன் ஒரு பெப்ரவரி மாதக் காலையில், புதுச் சட்டையும் இஸ்திரி போட்ட பேன்ட்டுமாகத் திராட்சை பறிக்கக் கிளம்பினான். அது நான்தான். தடுப்பதற்கு ஆள் இல்லை.

நான் திருச்சிக்காரன், கம்ப்யூட்டர் வேலை. நான் காதலித்த தர்சினியின் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். கல்யாணம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டோம். பாக்கி அவள் அப்பாவின் சம்மதம்தான். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற அங்கிள், யாரா பள்ளத்தாக்குப் பக்கம் சின்னதாக ஒரு நிலம் வாங்கி, ஷாம்பெயினுக்கான மூன்று வகைத் திராட்சையையும் போட்டிருந்தார். (பிரான்சில் அதே பெயருள்ள வட்டாரத்தில் செய்தால்தான் அது ஷாம்பெயினாம். அங்கிள் வெளியாட்களிடம் ஸ்பார்க்ளிங் என்பார், வீட்டுக்குள் ஷாம்பெயின்தான்.) சம்மதம் கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "அறுவடைக்கு வரட்டும். பாப்பம்."

அந்தப் 'பாப்ப'த்தில் என் தூக்கம் போயிற்று. ஒரு சொட்டுக்கூடக் குடித்தறியாத நான், இணையத்தில் இருந்த வீடியோவையெல்லாம் பார்த்து மனப்பாடம் செய்தேன். தோட்டத்தில் இறங்கியதும் ஒப்பித்தேன். "ஷார்டனே வெள்ளைத் திராட்சை. பினோ நுவார், மெனியே ரெண்டும் கறுப்பு. சரிதானே அங்கிள்?"

"ஓம்," என்றார். "ஷார்டனே மட்டும் போட்டால் மெல்லிசா, தேசிக்காய்ப் புளிப்பா, உங்கட எலுமிச்சம்பழம் மாதிரி வரும். பினோ நுவார்தான் கனதி குடுக்கும். மெனியே நல்ல பழவாசம், கனகாலம் வைக்காமல் கெதியாக் குடிக்கலாம். இந்த முறை ரெண்டு கறுப்பையும் மட்டும் போட்டு ஒரு வெள்ளை வைன் செய்யப்போறன். கறுப்பில வெள்ளை எப்பிடி வரும், சொல்லும் பாப்பம்."

வீடியோவில் அது வந்திருக்க வேண்டும். நான் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

"வடிகட்டுவாங்க அங்கிள்."

தர்சினி வானத்தைப் பார்த்தாள். "உள்ளுக்குச் சாறு வெள்ளைதான் தம்பி," என்றார் அங்கிள் பொறுமையாக. "சாயம் தோலிலதான் இருக்கு. தோல் நசியாமல் முழுக் குலையா மெல்லப் பிழிய வேணும்."

பறிப்பதிலும் நான் சோபிக்கவில்லை. நான் ஒரு குலையை வெட்டுவதற்குள் தர்சினி ஒரு பெட்டியை நிரப்பிவிடுவாள். கடைசியில் அங்கிள், "நீர் கொட்டில்ல நிண்டு பெட்டியளைப் பாத்துக்கொள்ளும். குருவி கொத்தாமல் பாத்தால் காணும்," என்று அனுப்பிவிட்டார். (இன்ஜினியரிங் படித்தவனுக்குச் சோளக்கொல்லைப் பொம்மை உத்தியோகம்.)

கொட்டிலில் தனியாக நின்றபோதுதான் பார்த்தேன். கறுப்புப் பழங்களின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பூச்சி மருந்து. சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டில் கடையிலிருந்து திராட்சை வந்தால் உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊறாமல் ஒருவர் வாய்க்கும் போகாது. இவ்வளவு பெரிய மனிதர் இந்தச் சின்ன விஷயத்தைக் கவனிக்கவில்லையே என்று எனக்குப் பெருமிதமாகக்கூட இருந்தது.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த தர்சினியின் அம்மாவிடம், அதாவது அன்ரியிடம், உப்பும் மஞ்சளும் கேட்டேன்.

"ஏன் தம்பி?"

"பழம் கழுவ அன்ரி."

"நல்ல பிள்ளை," என்று டப்பாவோடு கொடுத்தார்.

மூலையில் இருந்த பெரிய தொட்டியில் தண்ணீர் பிடித்து, கறுப்பாக இருந்த பெட்டிகள் எல்லாவற்றையும் கவிழ்த்தேன். கறுப்பில் இரண்டு ஜாதி என்பது அப்போது நினைவில் இல்லை. வெள்ளை லேசில் போகவில்லை. அழுக்குச் சட்டைக் காலரைத் தேய்ப்பது போல் தேய்த்தேன். தண்ணீர் முதலில் மஞ்சளாக இருந்தது, பிறகு ஊதாவாயிற்று. அழுக்கு நன்றாகப் போகிறது என்று நினைத்தேன்.

"என்ன தம்பி செய்யிறீர்?"

அங்கிள் வாசலில் நின்றார்.

"கழுவுறேன் அங்கிள். மருந்து அடிச்சிருப்பாங்க இல்லையா."

"இஞ்ச மருந்து அடிக்கிற ஆள் நான்தான். நான் அடிக்கேல்லை." தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பழத்தை எடுத்தார். "அந்த வெள்ளைப் பூச்சு பழத்தோடயே வாறது." வாயில் போட்டு மென்றார். "உப்பு," என்றார்.

எங்கிருந்தோ ஒரு வீடியோ நினைவுக்கு வந்து தொலைத்தது. "ரோஸே செய்யலாமே அங்கிள்? அது பிங்க்தானே?"

"உப்புப் போட்ட ரோஸேயோ?"

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருட உழைப்பு அவர் காலடியில் மஞ்சளும் ஊதாவுமாக நின்றது.  கல்யாணம் போனதுகூட அப்புறம்தான் உறைத்தது. முதலில் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எட்டிப் பார்த்த அன்ரி அவரிடம் சொன்னார்: "ஏன் பேசாமல் இருக்கிறியள்? இந்த வீட்டில ஒரு ஆம்பிளை பழம் கழுவி நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்."

சாயந்திரம் என்னை ரயிலடியில் கொண்டுபோய் விட்டது அங்கிள்தான்.  நான் இறங்கும்போது காரை அணைத்தார்.

"இனி ஷார்டனே மட்டும்தான் மிச்சம். அந்த வைன் பதத்துக்கு வரக் கனகாலம் எடுக்கும். அன்ரிக்கு உம்மைப் பிடிச்சிட்டுது. எனக்கு இன்னும் இல்லை, அதுக்கும் அவ்வளவு காலம் எடுக்கும். அதுக்காகக் கலியாணத்தை அவ்வளவு காலம் தள்ளிப்போட ஏலாது."

அது சம்மதம் என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று ஸ்டேஷன் ஆயிற்று.

இன்றும் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அந்த வருடத்து ஷார்டனேயில் ஒரு போத்தல் திறக்கப்படும். அங்கிள் ஒரு வாய் குடிப்பார். போத்தலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். "ரெண்டும் இன்னும் பதத்துக்கு வரேல்லை," என்பார். மேசையே சிரிக்கும்; என் பிள்ளைகள்தான் அதிகம் சிரிப்பார்கள்.

போன மாதம் கணக்குப் பார்த்தால் அலமாரியில் கடைசிப் போத்தல். ஒருவழியாகத் தப்பித்தேன் என்று தர்சினியிடம் சொன்னேன்.

"ஆர் சொன்னது?" என்றாள். "அப்பா கராஜுக்குள்ள நாலு பெட்டி ஒளிச்சு வச்சிருக்கிறார்."