வீரையனின் சோற்றுச் சத்தியம்

"மூச்சை உள்ள இழுங்க, இன்னும் ஒரு பொத்தான்தான்" என்றாள் ஈஸ்வரி. வீரையன் இழுத்தார். சட்டை மூடியது. மூச்சை விட்டதும் பொத்தான் தெறித்து அடுப்படிப் பக்கம் போய் விழுந்தது.

"நாலு மாசமா சோறே இல்ல. முட்டை, வெண்ணெய், தேங்காயெண்ணெய். அப்பறம் எப்படிங்க தொப்பை வளருது?"

"வாயுடி" என்றார் வீரையன்.

வாயுவாவது மண்ணாவது! நீடாமங்கலம் ரயில்வே கேட்டை ஒட்டி ஜன்னத் பீவி நடத்தும் சாப்பாட்டுக் கடையில், தினமும் மத்தியானம் உள்ளே போகிற சோறு அது. அதற்கு மேல் வத்தக்குழம்பு வேறு.

அவருடைய மகள் வானதிக்கு எட்டு வயது. எத்தனையோ மாத்திரை கொடுத்தும் நாளைக்குப் பத்துத் தடவை வலிப்பு வந்த பிள்ளை. தஞ்சாவூர் டாக்டர் கடைசியில் கீட்டோ உணவைச் சொன்னார். கொழுப்புதான் சாப்பாடு, எல்லாமே கிராம் கணக்கில் நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும், சோறும் சர்க்கரையும் கிட்டேயே வரக் கூடாது. "கொஞ்சம் மாறினாலும் வலிப்பு திரும்பலாம்" என்றார். யாரிடம் சொன்னார்? ஆறு ஏக்கர் நெல் போடுகிற மனுஷனிடம்.

முதல் நாளே வானதி தட்டைத் தள்ளிவிட்டாள். "நீங்கள்லாம் சோறு சாப்பிடுவீங்க, நான் மட்டும் வெண்ணெயா?"

வீரையன் பிள்ளையின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். "நீ என்ன சாப்பிடுறியோ அதான் அப்பாவுக்கும். சோத்தைக் கையால தொட மாட்டேன்." அம்மாவுக்கு மட்டும் வானதியே விலக்குக் கொடுத்தாள், சமைக்கத் தெம்பு வேண்டுமே என்று.

சத்தியம் மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் வரப்பிலேயே தலை சுற்றி உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் ஜன்னத் பீவியின் கடையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, ஒரு ஸ்பூன் குடுங்க."

"சோத்துக்கா தம்பி?"

"கையால தொட மாட்டேன்னுதானே சொன்னேன்!"

இப்படியாக வீட்டில் முட்டை வெண்ணெய், கடையில் ஸ்பூன் சோறு. பிறகு தொப்பை வளராமல் என்ன செய்யும்?

ஆனால் வானதிக்கு வலிப்பு குறைந்துகொண்டே வந்தது. இன்றோடு நாற்பத்தொரு நாளாக ஒன்றுகூட இல்லை. அதை நினைத்தால் வீரையனுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருக்கும். உடனே பயமும் வரும். குட்டு வெளிப்பட்டால் பிள்ளை மறுபடியும் தட்டைத் தள்ளிவிடுமே, அப்புறம்?

ஈஸ்வரியோ தொப்பையில் ஏதோ வியாதி என்றே முடிவு கட்டிவிட்டாள். "பாப்பாவுக்கு யூரின் பார்க்கிற பேப்பர்ல உங்களுக்கும் பாத்துருவோம். ஒரே சாப்பாடுதானே? சோத்தை விட்டதால அவளுக்கு வர்ற கத்தரிப்பூ கலரு உங்களுக்கும் வரணும்ல?"

சனிக்கிழமை, வானதியும் வீட்டில். தப்ப வழியில்லை. பார்த்தார்கள். காகிதத்தில் கத்தரிப்பூவும் இல்லை, ஒரு பூவும் இல்லை. வெளுத்தது வெளுத்தபடி இருந்தது.

"பேப்பரு கெட்டுப்போயிருக்கும்" என்றார் வீரையன்.

அதற்கு அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஈஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப பாப்பாவுக்கு வந்த கலரும் பொய்யா? அதைப் பாத்துத்தானே டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைச்சாரு! ஐயோ, கிளம்புங்க தஞ்சாவூருக்கு!"

அவள் அழுத அழுகையில் வீரையன் ஆடிப்போனார். "பேப்பரு நல்ல பேப்பருடி! நான்தான் கெட்டுப்போயிட்டேன். தினம் பீவியக்கா கடையில சோறு சாப்பிடுறேன்!"

நிமிர்ந்து பார்த்தால் வாசற்படியில் வானதி.

மணி பன்னிரண்டரை, அவளுடைய சாப்பாட்டு நேரம். ஈஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு முட்டையையும் வெண்ணெயையும் நிறுத்து வைத்தாள். வானதி தட்டைத் தொடவில்லை.

"அப்பா தப்புப் பண்ணிட்டேன் கண்ணு. இனிமே ஸ்பூனாலகூடத் தொட மாட்டேன்."

பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"அந்தக் கடைப் பக்கமே போக மாட்டேன்!"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இந்த ஜென்மத்துக்குச் சோறே வேணாம், போதுமா?"

வானதி ஓவென்று அழுதபடி அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். தட்டில் வெண்ணெய் உருகியது. நாற்பத்தொரு நாளும் தன் வயிற்றாலேயே போயிற்று என்று வீரையன் தலையில் அடித்துக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. ஜன்னத் பீவி நாலடுக்குத் தூக்கோடு மூச்சு வாங்க இறங்கினார்.

"எடுத்துட்டுப் போங்கக்கா! இனிமே நான் சோத்தைத் தொடுறதில்ல!" என்று அலறினார் வீரையன்.

"கத்தாதீங்க தம்பி, மொதல்ல இலையைப் போடுங்க" என்றார் ஜன்னத் பீவி. "தினம் சாயங்காலம் ஸ்கூல் வேன் கேட்டுல நிக்கிறப்ப, அப்பா சாப்பிட்டாச்சான்னு பாப்பா எட்டிப் பாத்துக் கேக்கும். அப்பா சோறு சாப்பிட்டாச்சுன்னு நான் சொன்னாத்தான், நாலு மாசமா இந்தப் புள்ள வெண்ணெயில வாயே வைக்குது!"