குவாபெனாவின் வாய்ப்பூட்டு

பக்கத்து வீட்டு அம்மாள் காலை வணக்கம் சொன்னபோது பதில் சொல்லாமல் பல்லைக் காட்டியதுதான் குவாபெனா செய்த முதல் தப்பு. கானா நாட்டுக் குமாசியில் கோழி திருடியவனைக்கூட மன்னிப்பார்கள். வணக்கத்தை விழுங்கியவனை விட மாட்டார்கள்.

அவன்தான் என்ன செய்வான்? இடுப்பில் நாலு வயது மகள் அஃப்ரியே. அவள் இன்னும் வாய் திறந்து ஒரு சொல் பேசியதில்லை.

தலைநகருக்குப் போகும் வேன்கள் நிற்கிற லாரி நிலையத்தில் "அக்ரா, அக்ரா" என்று கூவி ஆள் ஏற்றுவது அவன் பிழைப்பு. வீட்டுக்கு வந்தாலும் கூவல் ஓயாது. பிள்ளை கையை நீட்டுமுன்பே, "வாழைப்பழமா? வாழைப்பழம்தான், இந்தா" என்று கேள்வியும் அவனே, பதிலும் அவனே. முந்தின நாள்தான் அவன் மனைவி செர்வா, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் மிஸ் டெடேயிடம் பிள்ளையைக் காட்டிவிட்டு வந்தாள். பிள்ளைக்குச் சொல் உள்ளே இருக்கிறதாம். வெளியே வர நேரம் பிடிக்கிறதாம். அந்த நேரத்தை யாரும் கொடுப்பதில்லையாம்.

"அதனால வீட்டுல நீ வாயைத் திறக்கக் கூடாது. அவ முகத்தைப் பாத்துக்கிட்டு காத்திரு. அவ ஒரு வார்த்தை சொன்னா, கூட ஒண்ணு சேத்து நீ சொல்லு" என்றாள் செர்வா.

"எதுவரைக்கும்?"

"அவ பேசுற வரைக்கும்."

அப்பா என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும், ஆயுசு முழுக்க ஊமையாக இருக்கிறேன் என்று அவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் தப்பைச் சரிசெய்ய, பக்கத்து வீட்டு அம்மாளைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தான். கேலி செய்கிறான் என்று அவள் பொது முற்றத்துக் குடித்தனங்கள் முழுக்கச் சொல்லிவிட்டாள். அடுத்த நாள் தொண்டைவலிக்காரன் மாதிரி கழுத்தில் துணி சுற்றிக்கொண்டான். அன்று மத்தியானமே, லாரி நிலையத்தில் அவன் குரல் ஜாம்ஜாம் என்று கேட்டதாகச் செய்தி வந்தது. வெளியே இருக்கிற குரல் வீட்டில் இல்லையென்றால் என்ன அர்த்தம்? பெண்டாட்டியைத் தள்ளிவைக்கப் போகிறான். செர்வாவிடம் கேட்டார்கள். அவள் பெருமூச்சு விட்டாளே தவிர, வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை குடும்பத் தலைவரான அவன் தாய்மாமன் போவாட்டெங் இரண்டு பெரியவர்களோடு வந்து உட்கார்ந்தார். ஊர் வழக்கப்படி வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, வந்த காரியம் என்ன என்று வீட்டுக்காரன் கேட்க வேண்டும். கேட்காமல் அவர்கள் சொல்ல முடியாது. பிள்ளை பேசாமல் இவன் கேட்க முடியாது. செர்வா கொல்லைப்புறத்தில் என்றைக்கும் இல்லாத சிரத்தையோடு ஃபுஃபு களிக்கு வெந்த கிழங்கை இடித்துக்கொண்டிருந்தாள்.

சரி, தண்ணீரையாவது கொடுப்போம் என்று குவாபெனா எழுந்தான். அப்போது அஃப்ரியே விருந்தாளிகளின் வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு குடத்தைப் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது.

குவாபெனா அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

தண்ணீர் கொடுக்க எழுந்தவன் கொடுக்காமல் உட்கார்ந்ததைப் பார்த்து மாமாவின் முகம் கறுத்தது. ஒரு பெரியவர் கிளம்புவதற்குக் கைத்தடியை எடுத்தார். சொந்த பந்தமே அறுந்துவிடும் போலிருந்தது. குவாபெனா பிள்ளையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தண்ணி" என்றாள் அஃப்ரியே.

அவன் தொண்டையில் ஆயிரம் சொற்கள் முட்டின. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "மாமாவுக்குத் தண்ணி" என்றான்.

பிள்ளை யோசித்தாள். "மாமா தண்ணி. அப்பா, குடு."

குவாபெனா குடத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். நெஞ்சு நிறைந்த அழுகை. மாமா அவன் மொண்டு கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வந்த காரியம் மறந்துபோய்விட்டது, சாப்பாடு ஆச்சா என்று கேட்டார்.

அடுத்த வாரம் குவாபெனாவே மகளைக் கூட்டிக்கொண்டு மிஸ் டெடேயிடம் போனான். அஃப்ரியே பந்து கேட்டாள், சிவப்புப் பந்து கேட்டாள். மிஸ் டெடேக்கு மகா சந்தோஷம். குவாபெனா தன் தியாகத்தைப் பெருமையோடு விவரித்தான்: காலையில் கண் விழித்ததிலிருந்து ராத்திரி படுக்கிறவரை வீட்டில் ஒரு சொல் பேசவில்லை, ஊரே பகை, ஆனாலும் வாக்கு மாறவில்லை.

மிஸ் டெடே அவனை வியப்போடு பார்த்தாள்.

"புள்ளையோட விளையாடுற கொஞ்ச நேரத்துக்குத்தானே அப்படி இருக்கச் சொன்னேன்? உங்க வீட்டம்மாதான், நாள் பூரா அவர் பேசாம இருந்தா புள்ளைக்கு ஒண்ணும் கெடுதல் இல்லையேன்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டுப் போனாங்க."