இது கணக்குல வராது!

உலகத்தில் ‘இது கணக்குல வராது’ சார்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. கேரம் போர்டில் முதல் காய் தவறினால் “சும்மா டிரையல் பார்த்தேன்” என்பாரே, அவர் இந்த இனத்தின் குட்டி. அதுவே வளர்ந்து, தொப்பி போட்டு, வெள்ளைக் கையுறை மாட்டி, முழு உருவத்தில் உலவுவதைப் பார்க்க ஆசையா? கோல்ஃப் மைதானத்துக்கு வாருங்கள்.

கோல்ஃப் என்றதும் பயந்துவிடாதீர்கள். வண்டலூரைத் தாண்டி மறைமலை நகர் போகிற வழியில், ஏரிக்கரையை ஒட்டி, எங்கள் மன்றத்துக்கு ஒன்பதே குழிகளோடு ஒரு மைதானம் இருக்கிறது. பதினெட்டுக் குழி வேண்டுமென்றால் அதையே இரண்டு தடவை சுற்றிக்கொள்ள வேண்டியதுதான். மே மாதத்தில் புல்லைத் தேடி ஆடுகள் வரும். எங்களைப் பார்த்து அனுதாபப்பட்டுவிட்டுப் போகும்.

விளையாட்டு சுலபம். எத்தனை குறைவான அடியில் பந்தைக் குழியில் தள்ளுகிறீர்களோ, அத்தனை கெட்டிக்காரர். ஆனால் கெட்டிக்காரரும் சுமாரானவரும் சேர்ந்து ஆட வேண்டாமா? அதற்காகச் சுமாரானவருக்குச் சில அடிகளைத் தள்ளுபடி செய்வார்கள். அந்தத் தள்ளுபடிக்குப் பெயர்தான் ஹேண்டிகேப். நன்றாக ஆடுகிறவருக்கு ஐந்து, ஆறு. தட்டுத் தடுமாறுகிறவருக்கு இருபத்தைந்து, முப்பது. எண் குறையக் குறைய மதிப்பு கூடும். நீங்கள் ஆடி முடித்துப் பெட்டியில் போடுகிற ஸ்கோர் கார்டுகளை வைத்து அந்த எண்ணைப் போடுவார்கள். போட்டி நாள் கார்டு கட்டாயம். மற்ற நாட்களில் சும்மா ஆடியதை இஷ்டமிருந்தால் போடலாம். இஷ்டமிருந்தால்! அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நம் ஆசாமி பதினோரு வருஷம் பிழைப்பை ஓட்டினார்.

ஆசாமியின் பெயர் ஜெயகிருஷ்ணன். குரோம்பேட்டையில் சொந்த வீடு. கார் உதிரி பாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் மயிரிழை பிசகிய போல்ட்டையெல்லாம் ‘ரிஜெக்ட்’ என்று தூக்கி எறிந்த கை. பழக்கம் விடுமா? இப்போது தன்னுடைய ஆட்டங்களை ரிஜெக்ட் செய்துகொண்டிருந்தார். அவருடைய ஹேண்டிகேப் பன்னிரண்டு. (என்னுடையது எவ்வளவு என்று கேட்கிறீர்களா? இப்போது பேச்சு அவரைப் பற்றி.)

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தச் சடங்கு ஆரம்பமாகும். அவருடைய மட்டைப் பையைத் தூக்கி வரும் பொன்னுரங்கத்துக்கு ஐம்பது வயது. இந்த மைதானத்தில் பாதி அவர் குடும்பம் நெல் போட்ட நிலம். முதல் அடிக்கு முன்னால் அவர் கேட்பார்: “இன்னா சார், இன்னிக்கு கணக்கா, சும்மாவா?”

“பாத்துக்கலாம், பொன்னுரங்கம்.”

கவனித்தீர்களா? பாத்துக்கலாம்! முதல் குழி நன்றாகப் போனால் “எழுதிக்கோ” என்பார். இரண்டாவதும் தேறினால் குரல் இன்னும் கொஞ்சம் கனக்கும். மூன்றாவது குழியில் பந்து ஏரிக்குள் போகும். சரியாக அந்த நேரத்தில் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு பயிற்சி விமானம் தலைக்கு மேல் போயிருக்கும்; போகாவிட்டால் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்திருக்கும். அதுவும் இல்லையென்றால் தோள்பட்டையில் பழைய வலி ஒன்று எழுந்து வந்து வணக்கம் சொல்லும். ஐந்தாவது குழியில் “ஃப்ரெண்ட்லி மேட்ச்தானே!” என்று சிரிப்பார். ஒன்பதாவதில் “நான் இன்னிக்கு வந்ததே வாக்கிங்குக்குத்தான்” என்பார். பதினெட்டாவது குழிக்கு வரும்போது அந்த ஸ்கோர் கார்டால் விசிறிக்கொண்டிருப்பார்.

ஆனால் வருஷத்தில் ஐந்தாறு நாள் பந்து சொன்னபடி கேட்கும். அன்றைக்கு விமானம் பறக்காதா? பறக்கும். லாரி ஹாரன் அடிக்காதா? காது கிழியும். ஒன்றும் அவரைத் தொடாது. பொன்னுரங்கம் பையைக் கீழே வைப்பதற்குள் கார்டு பெட்டிக்குள் விழுந்திருக்கும்.

இப்படித்தான் பன்னிரண்டு உயிரோடு இருந்தது. அதை அவர் பெற்ற பிள்ளையைப் போல வெளியில் சொல்லிக்கொண்டார். மகன் நிகிலின் கல்யாண வரவேற்பில் சம்பந்தியிடம் கை குலுக்கியபோதுகூட, “நான் கோல்ஃப். ஹேண்டிகேப் பன்னண்டு” என்றுதான் அறிமுகம் செய்துகொண்டார். சம்பந்தி பாவம், “பரவாயில்ல சார், வயசாச்சுல்ல” என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று நம்மவருக்கு அன்று புரியவில்லை.

பெருமை இருந்தது, கோப்பை இல்லை. எப்படி இருக்கும்? ஆடுவது இருபத்துமூன்று லட்சணத்தில், தள்ளுபடி பன்னிரண்டு மட்டும். வருடாந்திரக் கோப்பையில் ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினோரு அடி பாக்கி நிற்கும். அவர் மனைவி பாலாம்பாள் ஷோகேஸின் நடுத்தட்டை முதல் வருஷமே துடைத்துக் காலி செய்து வைத்தார். அதில் இன்வெர்ட்டரின் வாரண்டி கார்டு குடியேறி, வாரண்டியும் முடிந்துவிட்டது. அந்தத் தட்டைக் கடக்கும்போதெல்லாம் ஜெயகிருஷ்ணனுக்கு நெஞ்சு கனக்கும். நான் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கனக்கும். அந்தக் கோப்பை மேல் மனுஷனுக்கு அப்படி ஓர் ஆசை.

சென்ற வருஷப் பொதுக்குழுவில் சந்திரிகா மேடம் எழுந்து நின்றார். ஹேண்டிகேப் கமிட்டிக்கு அவர்தான் தலைவி. ரயில்வேயில் வண்டிகள் வந்து போகும் நேரத்தைக் குறித்தே வேலை பார்த்தவர். இரண்டு நிமிஷம் தாமதமென்றால் இரண்டு நிமிஷம் என்றுதான் எழுதத் தெரியும். “இனிமே சும்மா ஆட்டமோ போட்டியோ, முதல் பந்தை அடிச்சா கார்டு பெட்டிக்குள்ள வந்தாகணும்” என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

ஜெயகிருஷ்ணன் துள்ளி எழுந்தார். “மேடம், சனிக்கிழமை நாங்க பேசிக்கிட்டே ஆடறோம். பந்து குழிக்கு ஒரு அடி தள்ளி நின்னா ‘போதும், எடுத்துக்கோ’ன்னு விட்டுடறோம். அதையெல்லாம் எப்படி கணக்குல எடுப்பீங்க?”

“குழியில போட்டுட்டுப் பேசுங்க சார்.”

“மனசு ரிலாக்ஸா ஆடுற ஆட்டம் மேடம் அது!”

“ரிலாக்ஸா ஆடினா இன்னும் நல்லால்ல ஆடணும்?”

அப்போது அவருக்கு ஆதரவாக ஒரு குரல் எழுந்தது. மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகள் வைத்திருக்கும் ஜெயவேலு. இவர் நேர் எதிர்ச் சாதி: சனிக்கிழமைகளில் பிரமாதமாக ஆடுவார், அந்தக் கார்டுகளை மட்டும் பெட்டிப் பக்கமே காட்டமாட்டார். அதனால் ஹேண்டிகேப் இருபத்தாறில் கொழுகொழுவென்று இருந்தது. மூன்று வருஷமாகக் கோப்பையும் அவர் வீட்டில்தான். “சாரு சொல்றது நாயம். சும்மா ஆடறது சும்மாதான். அத்த போய் எழுதிகினு, இன்னாத்துக்கு பேஜாரு?” என்றார். நல்லதை மறைப்பவரும் கெட்டதை மறைப்பவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து கை கோத்துக்கொண்டார்கள். தீர்மானம் முப்பத்தொன்றுக்கு இரண்டு என்று நிறைவேறியது. அந்த இரண்டு யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

பிறகென்ன? ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கார்டு. விமானத்துக்கும் லாரிக்கும் யாரும் தள்ளுபடி தரவில்லை. பன்னிரண்டு பதினைந்தாயிற்று, பதினெட்டாயிற்று, மழைக்காலம் முடிவதற்குள் இருபத்துமூன்றில் வந்து உட்கார்ந்தது. ஜெயவேலு இருபத்தாறிலிருந்து பதினேழுக்கு இறங்கி, ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. நம்மவர் அறிவிப்புப் பலகைப் பக்கமே போவதை விட்டுவிட்டு, கேன்டீனுக்குப் பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தார்.

வந்தது கோப்பை நாள். அன்றும் அவர் ஒன்றும் அற்புதமாக ஆடிவிடவில்லை. வழக்கம்போல ஏரிக்கு ஒரு பந்து தானம் செய்தார். மொத்தம் தொண்ணூற்று மூன்று அடி. தள்ளுபடி இருபத்துமூன்று போக, எழுபது. பொன்னுரங்கம் இரண்டு தடவை கூட்டி, மற்றவர்களின் கணக்கோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “சார்! கப்பு நம்முள்து சார்!” என்று கத்தினார்.

ஜெயகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நொடியே முகம் வெளிறியது. பரிசளிப்புக்குப் பாலாம்பாளும் நிகிலும் மருமகள் ஸ்ம்ருதியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்! பதினோரு வருஷம் பன்னிரண்டு என்று சொன்னதெல்லாம் மைக்கில் போகப் போகிறதே! ஓடினார் சந்திரிகாவிடம்.

“மேடம், பேரை மட்டும் படிச்சாப் போதாதா?”

“பேரு, ஹேண்டிகேப், அடி, மூணும் படிக்கணும் சார். பலகைலயும் அப்படித்தான் எழுதுவோம்.”

“அப்ப கோப்பையே வேண்டாம்னு சொல்லிட்டா?”

சந்திரிகா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சொல்லுங்க. அடுத்தது ஜெயவேலு சார்தான். நாலாவது வருஷம்.”

நம்மவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். மைக் அலறியது: “வெற்றி பெற்றவர், ஹேண்டிகேப் இருபத்துமூன்று, திரு. ஜெயகிருஷ்ணன்!” தூக்குமேடைக்குப் போகிறவரைப் போலப் போய்க் கோப்பையை வாங்கினார். குடும்பத்தின் பக்கம் திரும்பவே பயம்.

நிகில் எழுந்து நின்று விசிலடித்தான். “அப்பா! இருபத்துமூணா? பன்னண்டுலேருந்து டைரக்டா இருபத்துமூணா? சொல்லவே இல்லையே!”

“டபுளுக்குக் கிட்ட, அங்கிள்!” என்று ஸ்ம்ருதி கை தட்டினாள்.

பாலாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பதினோரு வருஷமா அதே பன்னண்டுலயே நிக்கிறீங்களேன்னு நான் வேண்டாத சாமி இல்லைங்க. சம்பந்தி வீட்டுல கேட்டப்போகூட, ‘அவருக்கு அவ்வளவுதான் வருது, மனசு நோகக்கூடாதுன்னு நாங்க ஒண்ணும் சொல்றதில்ல’ன்னு சொல்லி வெச்சேன்.”

ஜெயகிருஷ்ணன் வாயைத் திறந்தார். என்ன சொல்வார்? ‘அடிப்பாவி, பன்னிரண்டுதான் உசத்தி’ என்றால் இருபத்துமூன்று சரிவு என்றாகிவிடும். சொல்லாவிட்டால் பதினோரு வருஷப் பெருமையும் வீட்டில் அனுதாபக் கணக்கிலேயே கிடக்கும். உதவிக்கு யாராவது வருவார்களா என்று சுற்றிலும் பார்த்தார். பொன்னுரங்கம் காதருகே வந்து, “அம்மா சந்தோசமா கீறாங்க. அப்பிடியே வுட்ரு சார்” என்றார்.

“ஆமாம்மா,” என்றார் ஜெயகிருஷ்ணன். “இந்த வருஷம் கொஞ்சம் கஷ்டப்பட்டு உழைச்சேன்.”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். இன்று காலை எடை பார்க்கும் மெஷினிலிருந்து இறங்கி, சட்டைப் பையிலிருந்த செல்போனை எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் ஏறியவர் நீங்கள் இல்லையென்றால் இன்னும் பலமாகவே சிரிக்கலாம். நீங்கள்தான் என்றால், உங்களிடமும் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வருகிற ஓர் எண் இருக்கும். அது எடையோ, வயசோ, வண்டியின் மைலேஜோ, எனக்கு அக்கறை இல்லை. யார் மெச்ச வேண்டும் என்று அதைக் காப்பாற்றுகிறீர்களோ, அவர்களிடம் அது கூடினால் நல்லதா குறைந்தால் நல்லதா என்று மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டுவிடாதீர்கள்.