மஞ்சள் மார்க் போட்ட ஞானத்தாய்

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கும் ரகம் நான். அப்படிப்பட்டவள் கையில் ஸ்பேனர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் ஓர் உயிருள்ள சாட்சி இருக்கிறான். வயது மூன்று.

கார் வாங்கியதும் எனக்கு வந்த முதல் கவலை, மகளோடு போகும்போது நடுவழியில் பஞ்சரானால்? உலகத்திலுள்ள வீடியோ எல்லாம் பார்த்துவிட்டு, ஓசூரில் ஒரு டூல்ஸ் கடைக்குப் போனேன்.

“ஏனு பேக்கு மேடம்?” என்றார் கடைக்காரர். (கன்னடத்தில் என்ன வேண்டும் என்கிறார். ஓசூரில் இதற்கெல்லாம் அகராதி தேவையில்லை.)

“நல்லா இறுக்குற வீல் ஸ்பேனர் வேணுங்க. ஆனா ரொம்ப இறுக்கிடக் கூடாது.”

“அது உங்க கையில இருக்குது மேடம். ஸ்பேனருக்கு என்ன தெரியும்?”

ஸ்பேனர், காற்று பார்க்கும் மீட்டர், காரோடு வந்த ஜாக்கியின் மேல் நம்பிக்கை இல்லாததால் இன்னொரு ஜாக்கி, எல்லாவற்றையும் போட ஓர் இரும்புப் பெட்டி. கையுறை மட்டும் எதற்கென்று விட்டுவிட்டேன். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

மாமியார் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். “ஏம்மா ஸ்டெல்லா, வொர்க்‌ஷாப்பு வெக்கப் போறியா? போர்டுல என் பேரையும் போட்டுடு.”

பழகிப் பார்ப்பதற்காக ஒரு முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டினேன். அத்தோடு நிம்மதி போனது. சரியாக இறுக்கினேனா? போய் இறுக்கினேன். அதிகமாக இறுக்கிவிட்டேனோ? போய்த் தளர்த்தினேன். என் கணவர் கார் கம்பெனியில் சீட் மாட்டும் லைனில் இருக்கிறார். பொறுக்க முடியாமல் ஒரு மஞ்சள் பெயிண்ட் பேனாவை வாங்கி வந்து கொடுத்தார்.

“எங்க லைன்ல நட்டை இறுக்குனதும் குறுக்கால ஒரு மார்க் போட்டுருவோம். நட்டு நவுந்தா கோடு உடைஞ்சு காட்டிக் குடுத்துரும். மார்க் போட்டாச்சுன்னா அப்புறம் தொடக் கூடாது. நம்பணும்.”

போட்டேன். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த ஞாயிறு கிருஷ்ணகிரியில் நாத்தனார் மகனுக்கு ஞானஸ்நானம். பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்கும் ஞானத்தாய் நான்தான். புகுந்த வீட்டில் என்னை நம்பி ஒப்படைத்த முதல் பெரிய காரியம். ஃபாதருக்கு உடனே வேறு ஊரில் பூசை இருந்தது. நான் தாமதித்தால் பக்கத்தில் நிற்கும் யாரையாவது ஞானத்தாய் ஆக்கிவிடுவார்.

நான்தான் ஓட்டினேன். சூளகிரி தாண்டியதும் ‘கடகட’வென்று ஒரு சத்தம். சக்கரம்! ஓரங்கட்டினேன். பட்டுப்புடவை மாமியாரும் மகளும் புழுதியில் இறங்கி நிற்க, நான் முன்சக்கரத்தடியில் குனிந்தேன். கோடு உடையவில்லை. ஆனால் அன்றைக்குக் கோட்டை நேராகத்தான் போட்டேனா?

கணவர் டிக்கியைத் திறந்தார். பெட்டிக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளே ஸ்பேனரும் ஜாக்கியும் முட்டிக்கொண்டிருந்தன.

“சக்கரம் ஆடக் கூடாதுன்னு வாங்குன சாமானே ஆடுது!” மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. குனிந்தபடியே இருக்க ஏதாவது காரணம் வேண்டுமே என்று மீட்டரை எடுத்து ஒவ்வொரு டயராகக் காற்று பார்த்தேன். பின்சக்கரம் ஒன்றில் பாதிக் காற்று இல்லை. நடுவில் ஓர் ஆணி, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“என்னங்க, ஸ்டெப்னி மாத்தணும்.”

கணவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். “ஸ்டெல்லா… எங்க கம்பெனியில டயரு வேற டிபார்ட்மென்ட்டு.”

புடவையைத் தூக்கிச் செருகினேன். நட்டு அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். “ஆண்டவரே!” என்றார் மாமியார். ஆண்டவர் கேட்டார், நட்டு அசைந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, மாற்றி, இறக்கி, இறுக்கி, மஞ்சள் கோடு போட்டேன். போட்டபின் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காமல் காரில் ஏறினேன். என் வாழ்க்கையில் அது பெரிய சாதனை.

ஃபாதர் புத்தகத்தைத் திறக்கவும் நாங்கள் கோவிலுக்குள் ஓடவும் சரியாக இருந்தது. குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றி, நெற்றியில் தைலம் பூசி, எல்லாம் முடிந்தபோது நாத்தனார் “ஐயோ!” என்றாள். வெள்ளைக் கவுனின் நெஞ்சில் பளிச்சென்று மஞ்சளாக ஒரு கட்டைவிரல். என்னுடையது. (கையுறை!)

“எதுக்குடி கத்தற?” என்றார் மாமியார். “ஃபாதரு நெத்தியில போட்டாரு, ஞானத்தாய் நெஞ்சுல போட்டா. மார்க் போட்டாச்சு, இனிமே புள்ள கழல மாட்டான்.”

கோவில் பதிவில் அவன் பெயர் ஜோயல். எங்களுக்கெல்லாம் மாற்கு. “பைபிள் நற்செய்தியிலயே இருக்குற பேருதானே” என்று மாமியார் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி, சூளகிரிக் கதையையும் சேர்த்துச் சொல்கிறார். சொல்லச் சொல்ல அந்த ஆணி நீண்டுகொண்டே போகிறது.

மார்க் போட்டதைத் தொடக் கூடாது என்பது விதிதான். ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் அவன் தோளைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்க்கிறேன். அவனும் நெஞ்சை நிமிர்த்திக் காட்டுகிறான்: “கழலல, அத்தை!”