மங்களத்தை ஒளித்து வைத்தவள்

நான் வாழ்க்கையில் ஒரேயொரு களவுதான் செய்திருக்கிறேன். (அம்மாவின் சீனிப் போத்தலை இதில் சேர்க்கவில்லை. அது களவல்ல, பசி.) களவெடுத்த பொருள் ஒரு பாட்டு. அகப்பட்டதும் அந்தப் பாட்டாலேதான்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினெட்டு வயது. வன்னியில், மல்லாவியில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன் என்பது அம்மாவின் நம்பிக்கை. உண்மையில் நான் 'குமுதவேணி' பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருசமாக ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்த இசை நாடகம் அது. தையற்கடை நடத்திக்கொண்டே நாடகம் பழக்கிய அண்ணாவியார் தன் தகப்பனின் நாடகக் கொப்பியைத் தூசி தட்டி எடுத்துத் திரும்பவும் மேடையேற்றியிருந்தார். விடிய விடிய ஆட வேண்டிய நாடகம்தான். ஆனால் யுத்தத் தடையால் விளக்குக்கு மண்ணெண்ணெயைக் கண்ணில் காணக் கிடைக்காத காலமாகையால், மனுசன் அதைக் கத்தரித்து, மடித்துத் தைத்து, சனிக்கிழமைகளில் பின்னேரம் இரண்டுக்குத் தொடங்கி நாலரைக்கு முடிகிற அளவுக்குக் கட்டையாக்கிவிட்டார். ராணியாக நடித்தவர் மீசையை எடுக்க மாட்டேன் என்று நின்றதால் அதன்மேல் பவுடர் அப்பியிருந்தார்கள். மூன்றாவது பாட்டில் வியர்வை வழிய மீசை வெளியே வரும். அதற்கும் நாங்கள் கை தட்டினோம்.

ஏழு சனிக்கிழமையும் நான் போனேன். வெறும் ரசிகையாக அல்ல. பழைய கொப்பியில் எழுத்து மங்கிப் போனதால், முழுவதையும் என் உருண்டை எழுத்தில் பிரதி பண்ணிக் கொடுத்தவள் நான். மேடைக்குப் பக்கத்துத் திரைக்குள் நின்று, அண்ணாவியாருக்குப் பாட்டுத் தாள்களை ஒழுங்காக எடுத்து நீட்டுகிறவளும் நானே. (உலகத்தில் இதைவிடப் பெரிய பதவி இல்லை என்று அப்போது நினைத்திருந்தேன்.)

கொப்பியின் கடைசிப் பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. அதனால் மங்களப் பாட்டை மட்டும் அண்ணாவியார் தானே புதிதாகக் கட்டினார். மெசினை மிதித்துக்கொண்டே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டு தரம் அவர் திருத்தி, இரண்டு தரமும் நான் திரும்ப எழுதி, மூன்றாம் தரம் தாள் முடிந்துவிட்டது.

"மங்களத்தைக் கண்ட கண்ட பேப்பரில எழுதப்படாது பிள்ளை" என்றவர், சுவரில் தொங்கிய பழைய கலண்டரில் இருந்து லட்சுமி படத்தை உரித்துத் தந்தார். லட்சுமியின் முதுகில் மங்களம் ஏறியது.

இசை நாடகம் பார்த்தறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடைசியில் அண்ணாவியார் வரி வரியாக எடுத்துக் கொடுக்க, எல்லா நடிகர்களும் வரிசையாக நின்று மங்களம் பாடுவார்கள். செத்த மந்திரியும் தூசியைத் தட்டிக்கொண்டு எழும்பி வந்து நிற்பார். அது பாடி முடியுமட்டும் சபையில் ஒருவரும் எழும்ப மாட்டார்கள். எழும்பிப் போனால் வீட்டுக்குக் கூடாது என்று எங்கள் சனத்துக்கு ஒரு பயம்.

ஏழாவது ஆட்டம் முடிந்த மறுநாள் அண்ணாவியார் குண்டைப் போட்டார்.

"வாற சனியோட குமுதவேணிக்கு மங்களம்."

காரணம், ராசாவுக்கு வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் கிடைத்துவிட்டது. ராசாவாக நடித்த தவம் அண்ணை வவுனியாவுக்குப் போக விண்ணப்பித்து நாலு மாதம் காத்திருந்தவர். அவருடைய மனுசி அங்கே நெளுக்குளத்தில் தாய்வீட்டில் பிள்ளை பெற்றிருந்தா. அவர் இன்னும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. சனி பின்னேரம் ஐந்து மணி லொறியில் வெளிக்கிட வேண்டும். அவருடைய உயரத்துக்குப் பாட மல்லாவியில் வேறு தொண்டை இல்லை.

ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். தேத்தண்ணிக் கடையில் இரண்டு பேர் பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள். என் சிநேகிதி வாசுகி மத்தியானச் சாப்பாட்டை விட்டாள் (பின்னேரம் அதையும் சேர்த்துச் சாப்பிட்டாள்). நான் மகஜர் எழுதினேன். கையெழுத்துப் போதாமல் பதினொன்றை நானே வெவ்வேறு விதமாகச் சாய்த்தும் நிமிர்த்தியும் வைத்தேன்.

அண்ணாவியார் அதை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தச் செல்லத்துரையும் உருட்டித்தான் எழுதுறார். இந்த நாகம்மாவும் உருட்டித்தான் எழுதுறா. ஊர் முழுக்க உன்னட்டையோ எழுதப் பழகினது?"

மகஜர் ஊசி சுற்றி வைக்கப் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் அளவையியல் படிக்கிறவள். மங்களம் பாடினால் நாடகம் முடியும். மங்களம் பாடவில்லை. ஆகவே நாடகம் முடியாது! (இது பிழையான வாதம் என்று ரீச்சர் விளங்கப்படுத்திய அன்று, நான் கொப்பியின் பின்பக்கத்தில் ராசாவின் கிரீடம் கீறிக்கொண்டிருந்தேன்.) மங்களம் இல்லாவிட்டால், அடுத்த சனியும் ஒருக்கா ஆடித்தானே தீர வேண்டும்? தவம் அண்ணை லொறியை விட்டுவிடுவார், பிறகு பார்க்கலாம். அந்தப் பச்சைக் குழந்தையை நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

சனிக்கிழமை பள்ளிக்கூட மண்டபம் நிரம்பி யன்னலிலும் சனம். கடைசிக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னர் திரைக்குள்ளால் நழுவி, முன்வரிசையில் இருந்த வாசுகியின் கையில் மடித்த தாளை வைத்தேன்.

"இதைப் பத்திரமா வைச்சிரு. என்ன ஏதெண்டு கேக்காதை."

வாசுகி சொன்னதைச் செய்கிறவள். என்ன ஏதென்று கேட்கவில்லை. என்ன எழுதியிருக்கிறதென்று வாசிக்கவும் இல்லை. அங்கேதான் கெட்டது.

மேடையில் ராசா வாளை ஓங்க, மந்திரியாக நடித்த பேக்கரிச் சின்னராசா அண்ணை ஆறு வரி பாடிவிட்டு அழகாகச் செத்தார். சபை கண் துடைத்தது. அண்ணாவியார் தாளத்தை நிறுத்தாமல் திரைக்குள் கையை நீட்டினார்.

"பிள்ளை, மங்களம்."

"காணேல்லை அண்ணாவியார்."

"என்ன?"

"இஞ்சதான் கிடந்தது…"

"நீங்கள் கட்டின பாட்டுத்தானே, பாடுங்கோவன்" என்றார் ஆர்மோனியக்காரர்.

"அப்புவின்ர கொப்பிப் பாட்டு எல்லாம் நெஞ்சுக்குள்ள கிடக்கு. நான் கட்டினதுதான் நிக்குதில்லை."

"அப்ப வேற நாடகத்து மங்களம் ஒண்டை விடுவம்."

"ஆற்றையோ அளவுக்குத் தைச்ச சட்டையை ஆருக்குக் கொழுவுறது? சண்டையைத் திரும்ப விடு. பிள்ளை தேடட்டும்."

செத்த மந்திரி எழும்பினார். திரும்பச் சண்டை, திரும்ப ஆறு வரி, திரும்பச் சாவு. சபைக்குப் பரம சந்தோசம். நான் திரைக்குள் குனிந்து, இல்லாத தாளை வலு மும்முரமாகத் தேடினேன். மூன்றாம் தரம் சின்னராசா அண்ணை படுத்தபடியே தலையைத் தூக்கினார்.

"அண்ணாவியார், விடியப்புறம் எழும்பிப் பாண் போட்டனான். நான் இனிச் சாகமாட்டன்."

ராசா வாளை ஊன்றிக்கொண்டு யன்னலால் வெயிலைப் பார்த்தார்.

"அண்ணாவியார், லொறி… பிள்ளையைப் பாக்கவேணும்."

அந்தக் குரல் பாட்டுக் குரல் அல்ல. அப்போதுதான் எனக்கு அந்தப் பிள்ளையின் நினைவு வந்தது. தாளை மீட்கலாம் என்று திரையை விலக்கிப் பார்த்தால், முன்வரிசையில் லட்சுமி ஆடிக்கொண்டிருந்தா. சாதாரண ஆட்டமல்ல. வாசுகி தாளை மடித்து விசிறியாக்கி, புழுக்கத்துக்கு வீசிக்கொண்டிருந்தாள். அரை லட்சுமி. தாமரையும் காலும் இல்லை.

நான் கண்ட அதே நேரம் அண்ணாவியாரும் கண்டார். தாளத்தைக் கீழே வைத்துவிட்டு மேடையால் குதித்தார். விசிறியைப் பிடுங்கி மறுபக்கம் திருப்பினார். என் உருண்டை எழுத்து.

"மற்றப் பாதி எங்கை?"

"பக்கத்து மாமி கச்சான் கடலை சுத்தக் கேட்டவா, கிழிச்சுக் குடுத்திட்டன்" என்றாள் வாசுகி. "ஏன், அது தேவையே? இவள்தான் பத்திரமா வைச்சிருக்கச் சொன்னவள்."

திரையை நோக்கி நீண்ட அந்தச் சுட்டுவிரல் இன்றைக்கும் எனக்குக் கனவில் வரும்.

அண்ணாவியார் விசிறியை விரித்துத் தடவி நிமிர்த்தினார். மேடையில் ஏறி, வரிசையாக நின்ற எல்லோரோடும் அரை மங்களம் பாடினார். தாள் முடிந்த இடத்தில் பாட்டும் முடிந்தது. பிறகு திரைக்குள் கையை விட்டு என்னை இழுத்து நடுவில் நிறுத்தினார்.

"மூண்டு தரம் எழுதினனி. மிச்சத்தைப் பாடு."

என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடும்போது என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தார்கள்.

"பாடு பிள்ளை, கெதியா" என்றார் ராசா. கிரீடம் தலையில், உடுப்புப் பை கையில்.

பாடினேன். ஆர்மோனியக்காரர் என்னைத் தேடிக் கட்டைகளில் மேலும் கீழும் ஓடினார். பிறகு பெட்டியை மெல்ல மூடினார். இரண்டாவது வரியில் பின்வரிசை எழும்பியது. மூன்றாவதில் யன்னல்கள் காலி. மங்களம் முடியாமல் எழும்பினால் வீட்டுக்குக் கூடாது என்று அத்தனை வருசமாகப் பயந்த சனம், அதைவிடப் பெரிய ஒன்றைக் கண்டு பயந்து கலைந்தது. நான் கடைசிச் சொல்லுக்கு வந்தபோது மண்டபத்தில் மிஞ்சியிருந்தது கச்சான் கோது.

நாடகம் முடியவே கூடாது என்று தவித்தவள், தன் வாயாலேயே அதை முடித்து வைத்தாள். தவம் அண்ணை றோஸ் பவுடர் முகத்தோடு ஓடிப்போய், வெளிக்கிட்ட லொறியின் பின்பலகையில் தொங்கி ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது ஒரு வழக்கம். வந்த விருந்தாளி கதிரையை விட்டு அசையாமல் கதைத்துக்கொண்டே இருந்தால், அம்மா குசினிக்குள் இருந்து குரல் கொடுப்பா: "பிள்ளை, ஒருக்கா மங்களம் பாடன்." விசயம் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடுவார்கள். தெரியாதவர்களுக்கு இந்தக் கதை முழுவதும் சொல்லப்படும். அதனால் அவர்கள் இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவார்கள்.

போன வருசம் தவம் அண்ணை வந்தார். கூடவே அந்தப் பிள்ளை. இப்போது அவள் என்னைவிட உயரம். தேத்தண்ணி குடித்துவிட்டு வெளிக்கிட்டவர், வாசல் படலையைப் பிடித்தபடி நின்றார்.

"மங்களம் பாடு பிள்ளை. பாடாமல் போகமாட்டன்."

நான் பாடவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு நின்றார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக என் அளவையியல் சரிவந்தது.