எட்டு வீட்டுச் சம்ப்பில் ஒரு விரால்

பீர்க்கன்கரணை,
புதன்கிழமை மாலை

கர்த்தருக்குள் பிரியமான ஜெர்சன் அண்ணனுக்கு,

ஜீவிதா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. தேவ கிருபையால் இங்கே நானும், உங்கள் மச்சானும், எழிலும் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறோம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் ஒன்பது நாளாக என் ஜெபமெல்லாம் ஒரே விஷயத்துக்குச் செலவாகிவிட்டது, உங்கள் முறை வரவேயில்லை. மன்னிக்கவும். இதை போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் போனைத் திறப்பதில் என்னைவிட எழிலுக்கு வேகம் அதிகம். நீங்களோ கம்பெனி பஸ்ஸில் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவீர்கள். அதனால்தான் கூரியரில் கடிதம். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளில், கர்த்தருக்குள் நித்திரையடைந்த உங்கள் தங்கை ஷீலா அக்காவின் மகள் எழில் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. மரியாதைக்குக் குறைவில்லை, கொடுத்ததைச் சாப்பிடுவாள், பின்னல் போட உட்கார் என்றால் உட்காருவாள். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று மட்டும் அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. "இங்க பாருங்க" என்பாள். அவசரமென்றால் கதவைத் தட்டுவாள். நானும் வற்புறுத்தவில்லை. அப்படிப்பட்டவள் போன திங்கட்கிழமை சமையலறை வாசலில் வந்து நின்று, "இங்க பாருங்க, மோட்டார் போட்டா சம்ப்புல இருக்கறது மேல டேங்குக்குப் போயிடுமா?" என்றாள். "சம்ப்புல என்ன இருக்கு?" என்றேன். "தண்ணிதான்." "தண்ணி மேல போகும்." "தண்ணி இல்லாதது?"

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன் அண்ணா. கீழே இறங்கிப் போனோம். சம்ப் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், பைக் நிறுத்தும் இடத்தில் தரைக்கடியில் இருக்கிற தொட்டி, எட்டு வீட்டுக்கும் அதிலிருந்துதான் தண்ணீர். குடிக்க கேன் வாங்குகிறோம். மற்றபடி குளிப்பது, துவைப்பது, அரிசி களைவது எல்லாம் அதில்தான். எழில் மூடியைச் சரித்து டார்ச் அடித்தாள். ஒன்றுமில்லை. பிறகு கறுப்பாக, என் முழங்கையளவுக்கு ஒன்று மேலே வந்து, வாயைத் திறந்து காற்றைக் கவ்வி, 'களக்' என்று சத்தம் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டது. விரால். கார்த்திகை மாதம் அடித்த மழையில் ஏரி நிரம்பித் தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடியதே, அன்றைக்கு நம் பைக்குக்குக் கீழே கிடந்ததாம். பள்ளிக்கூட ரெயின்கோட்டைப் போட்டு அமுக்கிப் பிடித்து, பக்கத்திலேயே சம்ப் இருந்ததால் அதில் விட்டுவிட்டாளாம். "கைய எப்பிடி வெச்சா வழுக்காதுன்னு ஜெர்சன் மாமாதான் காலாண்டு லீவுல சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். ஆகவே இந்தக் குற்றத்தில் உங்கள் பங்கும் இருக்கிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மூன்று வாரமாக எங்கள் சமையலறையில் ஒரு கரப்பான்பூச்சி இல்லை. நான் அடித்த மருந்துதான் காரணம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கோழி வாங்கினால் ஈரல் காணாமல் போனது. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று கடையையே மாற்றினேன். எல்லாம் உள்ளே போயிருக்கிறது. "பேரு வெச்சிருக்கியா?" என்று கேட்டேன். "பேரு வெச்சா வாய் தவறி அப்பா முன்னாடி கூப்ட்டுடுவேன்" என்றாள். ஆக, இந்தக் கட்டடத்தில் எழில் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஜீவன்கள் இரண்டு. ஒன்று அந்த மீன். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், மூடியைப் பார்த்துக்கொண்டு, "நான் இத வளக்கலாமா? அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றாள். எட்டு மாதத்தில் என்னிடம் கேட்ட முதல் அனுமதி. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "யோசிச்சு சொல்றேன்." யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்லாதே என்பதில்தான் சிக்கல். உங்கள் மச்சான் ரெண்டு மாதமாக இந்தக் கட்டடத்து அசோசியேஷன் செக்ரட்டரி. வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் கிடைத்த பதவி. ஆனால் சட்டசபைக்குப் போனவர் மாதிரி நடந்துகொள்கிறார். முதல் மாடி கனகவல்லி ஆன்ட்டி போன வாரம் குரூப்பில், "பாத்ரூம் குழாயைத் திறந்தால் மீன் வாடை" என்று போட்டார். இவர் எட்டு வீட்டுக் குழாயிலும் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் பிடித்து, ஒவ்வொன்றிலும் வீட்டு எண் ஒட்டி, நம் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்து முகர்ந்தார். எழிலையும் முகரச் சொன்னார். அவள் எட்டு டம்ளரையும் பொறுமையாக முகர்ந்துவிட்டு, "மூணாம் நம்பர் சோப்பு வாடைப்பா" என்றாள். விசாரணை முடிவு: வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆள் வந்து சம்ப்பை முழுசாக இறைத்துக் கழுவுவது. செக்ரட்டரி நேரில் மேற்பார்வை.

இது போதாதென்று இன்று காலை கொசுப்புழு பார்க்கிற அங்காளம்மாள் அக்கா வந்துவிட்டார். வாராவாரம் வந்து தொட்டியைத் திறந்து பார்த்து, சுவரில் சாக்பீஸில் தேதி எழுதிவிட்டுப் போவார். மழையில் அவர்களை நிவாரண வேலைக்கு அனுப்பிவிட்டதால் மூன்று வாரமாக வரவில்லை. நான் மாடியிலிருந்து பார்க்கும்போதே மூடி பாதி திறந்திருந்தது. செருப்பில்லாமல் ஓடினேன். "இன்னாமா இது, உள்ள ஆளு கீது!" என்று டார்ச்சோடு குனிந்திருந்தார். "அக்கா, மெதுவா பேசுங்க." "விராலு! எம்மாம் பெர்சு! கொயம்பு வெச்சா நாலு பேரு துன்னலாம்." "அக்கா, அது குழந்த வளக்கறது." "தொட்டிலயா? செக்கட்டரிக்குத் தெரிமா?" "தெரியாது." "யாரு செக்கட்டரி?" "என் வீட்டுக்காரர்." அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் கனகவல்லி ஆன்ட்டி குப்பைக் கூடையோடு படியிறங்கி வந்தார். "என்ன அங்காளம்மா, புழு இருக்கா?" "ஒரு புழு இல்ல மேடம். இந்தத் தெருவுலயே உங்க தொட்டிதான் சுத்தம்." "அப்புறம் ஏன் நாறுது?" என்று ஆன்ட்டி ஓரடி முன்னால் வர, உள்ளேயிருந்து 'களக்'.

"என்ன சத்தம்?"

என் வாயிலிருந்து வந்தது இதுதான் அண்ணா: "என் வயிறு ஆன்ட்டி. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, ஒரு மாதிரி இருக்கு." ஆன்ட்டி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முகம் மலர்ந்தது. "எத்தன நாள் தள்ளிப் போயிருக்கு?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் படியேறிவிட்டார். அங்காளம்மாள் அக்கா மூடியைப் போட்டு, சுவரில் தேதி எழுதி, "நான் ஒண்ணும் பாக்கல. ஆனா ஞாயித்துக்கெயம தொட்டி கய்வப் போறாங்களாமே, இன்னா பண்ணப் போற?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மதியத்துக்குள் எட்டு வீட்டுக்கும் விசேஷம் தெரிந்துவிட்டது. மூன்றாம் மாடியிலிருந்து மாங்காய் வந்தது. உங்கள் சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் செய்தி வந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். அப்படி எதுவும் இல்லை.

சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த எழில் பையை இறக்கவில்லை. "கனகவல்லி ஆன்ட்டி சொன்னாங்க, பாப்பா வரப் போகுதாமே" என்றாள். அந்தக் குரலில் ஒன்றுமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "இல்லடா. மீன் சத்தம் போட்டுச்சு. என் வயிறுன்னு சொன்னேன்." "அதுக்காகப் பொய் சொன்னீங்களா?" "ஆமா." "சரி" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். மன்னித்தாளா, என் பொய்யைக் குறித்துவைத்துக்கொண்டாளா, அந்தச் 'சரி'யை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாமல்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் மச்சானிடம் பேச்சுவாக்கில், "ஷீலா அக்காவுக்கு மீன் வளக்கறதெல்லாம் பிடிக்குமா?" என்று கேட்டுப் பார்த்தேன். "ஷீலாவா? உசுரோட மீன் பாத்தாலே கத்துவா. ஜெர்சன் ஒருதடவ பக்கெட்ல கெண்ட கொண்டாந்தான், பக்கெட்டோட திருப்பி அனுப்பிட்டா" என்று சிரித்தார். அதாவது அக்கா ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டார், வேண்டாம் என்றிருப்பார். சம்ப்பில் விரால் வளர்க்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். எட்டு வீட்டுக் குளியல் தண்ணீர் அது. இருட்டில் தனியாகச் சுற்றுகிற அந்த ஜீவனும் பாவம். ஆனால் அக்கா வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்தக் கோபம் ராத்திரிச் சாப்பாட்டோடு முடிந்திருக்கும். நான் சொன்னால் அது சரித்திரம் ஆகிவிடும். 'என் மீனைத் தூக்கிப் போட்டவள்' என்று நாற்பது வயதிலும் அவள் யாரிடமாவது சொல்வாள். நான் நிறையப் புத்தகம் படிக்கிறவள் என்று உங்கள் மச்சான் பெருமையடிப்பார். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஒரு தரம் 'முடியாது' என்று சொல்வது எப்படி என்று ஒரு புத்தகத்திலும் இல்லை.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது: ஞாயிறு காலை ஆறரை மணிக்கெல்லாம் ஒரு பெரிய பக்கெட்டோடு வந்துவிடுங்கள். தற்செயலாக வந்த மாதிரி வாருங்கள். தற்செயலாக சம்ப்பைத் திறங்கள். விராலைப் பார்த்து ஆச்சரியப்படுங்கள். "இத இங்க வளக்கக் கூடாது, எங்க ஊர்க் குளத்துல விடறேன்" என்று நீங்களே சொல்லி எடுத்துப் போய்விடுங்கள். நீங்கள் தாய்மாமன், உங்கள் பேரில் அவளுக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் தாங்கும். என் கணக்கு இன்னும் தொடங்கவேயில்லை.

அண்ணிக்கு என் ஸ்தோத்திரம். உங்கள் வாசற்படியிலிருந்து பக்கெட்டின் கைப்பிடி வரைக்கும் எல்லாவற்றையும் கர்த்தர் காத்துக்கொள்வாராக.

தங்கள் அன்புத் தங்கை,
ஜீவிதா

பி.கு. (வியாழன், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு): நீங்கள் வர வேண்டாம். அதாவது வாருங்கள், பக்கெட் வேண்டாம்.

சம்ப் கழுவுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணமாம், அவருடைய மச்சினிக்கு. இன்று காலை ஏழு மணிக்கே மோட்டாரோடு வந்து நின்றார். மேலே உங்கள் மச்சான் நோட்டுப் புத்தகத்தோடு. பக்கத்தில் கனகவல்லி ஆன்ட்டி மாஸ்க் போட்டுக்கொண்டு. எழில் யூனிஃபார்மில், ஒரு காலில் மட்டும் சாக்ஸ். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் உள்ளேயிருந்து, "சார், ஏதோ கால்ல முட்டுது சார்!" என்று ஓர் அலறல். ஆன்ட்டி "பாம்பு!" என்று கத்த, கழுவுகிறவர் ஏணியில்லாமலேயே மேலே வந்துவிட்டார். உங்கள் மச்சான் டார்ச் அடித்துப் பார்த்து, "விரால்" என்று நோட்டில் எழுதினார். நிஜமாகவே எழுதினார். பிறகு, "யார் விட்டது?" எழிலின் கை வகுப்பில் தூக்குகிற மாதிரி மெதுவாக மேலே எழும்புவதைப் பார்த்தேன். "நான்தான்" என்றேன். "நீயா? எதுக்கு?" "கொசுவுக்கு." கனகவல்லி ஆன்ட்டி குறுக்கே வந்து, "மசக்கைல இப்பிடித்தான் சார் என்னென்னமோ தோணும். புள்ளத்தாச்சிய திட்டாதீங்க" என்றார். எட்டு வீட்டுக் கோபமும் இல்லாத ஒரு குழந்தையின் பேரில் மன்னிக்கப்பட்டுவிடும் போலிருந்தது. அதற்குள் எழில், "இல்லப்பா, நான்தான் விட்டேன். இவங்க பொய் சொல்றாங்க. ரெண்டு தடவ சொல்லிட்டாங்க" என்றாள்.

உங்கள் மச்சான் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது, நான் முந்திக்கொண்டேன். "சம்ப்புல கூடாது எழில். அது எல்லார் வீட்டுத் தண்ணி. நம்ம பால்கனில நீல டிரம் இருக்கு, அதுல வளத்துக்கோ. தண்ணி நீதான் மாத்தணும்." "வளக்கறதா?" என்றார் செக்ரட்டரி. "நான் சொல்லிட்டேன்" என்றேன். எனக்கே என் குரல் புதுசாக இருந்தது.

இப்போது அது டிரம்மில் இருக்கிறது. எகிறிக் குதிக்காமலிருக்க மேலே கொசுவலை கட்டியிருக்கிறோம். இனிமேல் ஒளிக்க வேண்டியதில்லை என்பதால் பெயரும் வைத்தாகிவிட்டது. ஜெர்சன். கோபித்துக்கொள்ளாதீர்கள். என் விஷயத்தில் இன்னும் 'இங்க பாருங்க'தான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து, "ஜெர்சனுக்குத் துணைக்கு இன்னொண்ணு வாங்கலாமா? பல்லாவரம் சந்தையில கிடைக்குமாம்" என்றாள். நான் தோசைமாவைக் கரைத்துக்கொண்டே, "முடியாது" என்றேன். யோசிக்கவேயில்லை அண்ணா, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அறைக்கதவை அவள் சாத்திய வேகத்தில் சாமான் தட்டு ஆடியது.

எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல் இரண்டு தோசை சாப்பிட்டாள். எட்டேகாலுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தி, "இன்னொண்ணு, முறுகலா" என்றாள்.